தட்டு ஏந்தி வந்தவளின் பெயர்

அக்கா திரையின் நடுவைப் பார்க்கவே மாட்டார்.

பிராங்பேர்ட்டில் பெரிய ரயில் நிலையத்திலிருந்து நாலு ட்ராம் நிறுத்தம் தள்ளி ஒரு சின்னத் தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்கள் போடுவார்கள். கதாநாயகன் மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடுத்திரையில் நிற்பான். எதிரே ஒரு அழகி, கையில் சிகரெட், கண்ணில் கொலை. தியேட்டரில் இருக்கிற பதினைந்து பேரின் கண்ணும் அங்கேதான் இருக்கும். அக்கா மட்டும் கடைசி வரிசைக்குப் பின்னால், துடைப்பக் கட்டையின் தலையில் இரண்டு கையையும் ஊன்றி, அதன்மேல் நாடியை வைத்துக்கொண்டு, திரையின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஒரு கறுப்பினப் பணிப்பெண் தட்டில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். மிஞ்சிப் போனால் மூன்று நொடி.

"பாத்தியளே தம்பி?"

"எதைக்கா?"

"அவள் பாத்திட்டாள்."

"யாரு?"

"கோப்பி கொண்டு வந்தவள். மேசை லாச்சி திறந்து கிடந்தது, உள்ளுக்கை துவக்கு. குனிஞ்சு வைக்கேக்கை கண்டிட்டாள். கண்ணைப் பாக்கேல்லையே நீங்கள்?"

நான் அந்தப் படத்தை அதற்கு முன் நான்கு தடவை பார்த்திருந்தேன். நோட்டுப் புத்தகத்தில் பதினோரு பக்கம் குறிப்பு எழுதியிருந்தேன். அதில் மேசை இழுப்பறையில் இருந்த துப்பாக்கி உண்டு, அந்த வீட்டில் காபி எப்படி வந்தது என்பதே இல்லை. காபி தானாக நடந்து வந்திருக்கும் என்று நினைத்திருந்தேன் போல.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க ஜெர்மனிக்குப் போய், கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வயது இருபத்தாறு. தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலை. இந்தப் படங்களில் பைத்தியம் பிடித்து, ஆற்றங்கரைச் சனிச்சந்தையில் ஒரு பழைய ஃபெல்ட் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தேன். கண்ணாடியில் எனக்குத் துப்பறிவாளன் தெரிவான். மற்றவர்களுக்கு மழைக்கு ஒதுங்கிய தபால்காரன் தெரிந்திருக்கும். முதல் நாளே அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் தொப்பி போட்டமாதிரி இல்லை. தொப்பிதான் உங்களைப் போட்டிருக்குது."

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். அந்தத் தியேட்டரைத் துப்புரவு செய்ய வந்தார். காட்சி முடிந்த பிறகுதான் அவருக்கு வேலை. ஆனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பின்னால் நின்றுவிடுவார். எத்தனை தடவை சொன்னாலும் உட்கார மாட்டார்.

"இருந்து பாத்தா வேலை செய்யேல்லை எண்டு நினைப்பினம். தும்புக்கட்டையோட நிண்டு பாத்தா துடைக்கிறன் எண்டு நினைப்பினம். நிக்கிறதிலை எவ்வளவு லாபம் பாருங்கோ."

நான் அவரை முதன்முதலில் பார்த்தது அந்தத் தியேட்டரில் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு பக்கமாவது நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறேன், விடுங்கள்.

இந்தப் படங்களுக்கு நுவார் என்று பெயர். பெயர் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள், எடுத்தது அமெரிக்காவில், எடுத்தவர்களில் பலர் அந்தக் காலத்தில் ஜெர்மனியை விட்டு உயிர் தப்பி ஓடியவர்கள். பிறகு ஜெர்மன் குரல் போட்டு பிராங்பேர்ட்டுக்குத் திரும்பி வந்தால், பார்க்க ஒரு திருநெல்வேலிக்காரனும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரியும் நிற்கிறோம். இதை அக்காவிடம் ஒருநாள் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"எடுத்தவையும் அகதியளோ?"

"நிறைய பேர், ஆமாக்கா."

"பிறகேன் படத்திலை வாற அகதிக்கு ஒரு வசனமும் குடுக்கேல்லை? சீனாக்காரன் ஒருத்தன் வாறான், கதவைத் திறக்கிறான். ரயிலிலை கறுப்புப் பெடியன் பெட்டி தூக்கிறான். மெக்சிக்கோக்காரி ஒருத்தி பாட்டுப் பாடிப்போட்டு ஓடுறாள். எல்லாரும் 'ஓம் ஐயா' எண்டுதான் சொல்லுகினம். தாங்கள் பட்டது மறந்துபோச்சோ?"

"அந்தக் காலம்க்கா" என்றேன். அந்தக் காலம் என்பது எனக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் நான் சொல்கிற பதில்.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அக்கா நகர மாட்டார். பெயர்கள் ஓடுமே, அதற்குக் காத்து நிற்பார். அந்தப் படங்களில் பெயர்ப்பட்டியல் ஒரு முழம்தான் இருக்கும். பணிப்பெண்ணின் பெயர் அதில் இருக்காது. "பாருங்கோ, இல்லை" என்பார், யாரோ அவரிடம் பந்தயம் கட்டியிருந்த மாதிரி. அதன் பிறகு அவரே ஒரு பெயர் வைப்பார். காபி கொண்டு வந்தவள் புஷ்பம். கதவு திறந்தவன் சின்னராசா. பெட்டி தூக்கியவன் மார்க்கண்டு. ஹோட்டலில் படுக்கை விரித்தவள் தவமணி. அடுத்த வாரம் பாப்கார்ன் பொறுக்கிக்கொண்டே பேசுவார்: "புஷ்பத்தைப் பொலிஸ் கூப்பிட்டுக் கேட்டிருந்தா படம் அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிருக்கும். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனா கேக்கமாட்டினம்."

புஷ்பம், தவமணி போல ஓரத்தில் நிற்பவர்களோடு சேர்த்து அவருக்கு இன்னொருத்தி மேலும் இரக்கம் உண்டு. நடுவில் நிற்கிற அந்தக் கெட்டவள். புருஷனைக் கொல்லச் சொல்லி, கதாநாயகனை மயக்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் குண்டு வாங்கிச் சாகிறவள்.

"இவள் ஏன் சாகோணும்?"

"புருஷனைக் கொல்லச் சொன்னாள்ல."

"அது பிழைதான். நான் சரியெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தாள் முதல்லை அவளுக்கு என்ன செய்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? அவன்தான் கதையைச் சொல்லிக்கொண்டு வாறான், தொடக்கத்திலையிருந்து முடிவுமட்டும் அவன்ரை குரல்தான். அவளைக் கெட்டவள் எண்டு சொல்லுறது ஆர்? அவன்தானே. அவள் ஒருக்காக் கதை சொல்லட்டும், பாப்பம்."

அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் சுலபமாக மார்க் வாங்கலாம் என்று ஒரு சினிமா செமினாரில் சேர்ந்திருந்தேன். 'பழைய குற்றப்படங்களில் பெண்களும் வெளியாட்களும்' என்று கட்டுரை எழுத வேண்டும். அக்கா பாப்கார்ன் பொறுக்கிக்கொண்டு சொன்னதை எல்லாம் நான் வீட்டுக்கு வந்து ஜெர்மனில் எழுதினேன். கதை சொல்கிற குரல் யாருடையது என்று ஒரு அத்தியாயம். பணிப்பெண்ணின் பார்வை என்று ஒரு அத்தியாயம். பேராசிரியை அசந்துபோனார். "இந்தக் கவனிப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். "திரும்பத் திரும்பப் பார்த்தேன்" என்றேன், வெட்கமே இல்லாமல். நன்றிப் பக்கத்தில் தியேட்டர் முதலாளியின் பெயர் இருந்தது. பிரின்டர் கடன் கொடுத்த அறைத்தோழன் பெயர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அவராக அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. தனக்கு வந்த ஒரு கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தபோது.

கல்யாணம் பேசி, புருஷனிடம் வந்தவர் அவர். அப்போதிருந்த சட்டப்படி இங்கே இரண்டு வருடம் புருஷனோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் பிறகு தனியாக விசா கிடைக்கும். அதற்கு முன் பிரிந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். புருஷன் கொடுமை செய்தான் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு உண்டு. அக்கா பத்தொன்பது மாதம் இருந்தார். இருபதாவது மாதம் ஒரு பையோடு பெண்கள் காப்பகத்துக்குப் போய்விட்டார்.

"இன்னும் அஞ்சு மாசம் பல்லைக் கடிச்சிருக்கலாமே எண்டு எல்லாரும் கேட்டவை" என்றார். "பல்லு இருந்தாத்தானே கடிக்கிறதுக்கு." ஓரத்துப் பல் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். கட்டின பல். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் ஜோக்குக்கு நான் சிரிக்காமல் இருந்தது அன்றுதான்.

வலது மணிக்கட்டின் உள்பக்கம் தழும்பு. நீளமாக, பளபளப்பாக. காயம் பட்ட அன்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவர் புருஷன். அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்த்தவரும் புருஷன்தான். டாக்டரின் கோப்பில் 'தேநீர் கொட்டிவிட்டது' என்று இருக்கிறது. நிரூபணம் என்றால் அந்தக் கோப்பு மட்டும்தான், அது அவருக்கு எதிராக இருந்தது.

கடிதம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. புருஷன் அவர்களுக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தின் நகலை இணைத்து, உங்கள் பதில் என்ன என்று கேட்டிருந்தார்கள். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். இவள் ஆரம்பத்திலிருந்தே விசாவுக்காகத்தான் என்னைக் கட்டினாள். சிரித்துப் பேசி ஏமாற்றுவாள். என் நண்பர்களிடம் அளவுக்கு மீறிப் பழகுவாள். நான் ஒரு அப்பாவி, இவளை நம்பி அழிந்தேன். இரண்டு பக்கமும் முழுக்க அவன் குரல்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சிகரெட்டு ஒண்டுதான் குறை, என்ன?" என்றார். "தம்பி, கடைசி அஞ்சு நிமிசம் வந்திட்டுது போல கிடக்கு."

ஊரில் சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம். அவர் பிறந்த வீடு ராணுவ முகாமுக்குள் போய் வருடக்கணக்காகியிருந்தது. அம்மா, அப்பா இல்லை. ஒரே அண்ணனைப் பற்றி எட்டு மாதமாகத் தகவல் இல்லை. "திரும்பிப் போ எண்டு சொல்லுகினம். சரி, போறன். எங்கை எண்டும் அவையே சொன்னால் நல்லம்." இதையும் ஜோக் போலத்தான் சொன்னார். ஆனால் கடிதத்தை மடிக்கும்போது மடிப்பு நேராக வரவில்லை. பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது நான் நல்லவனாக இருந்த பக்கங்கள் முடிந்தன.

மாணவர் விசாவில் வருடத்துக்கு இத்தனை நாள்தான் வேலை செய்யலாம் என்று கணக்கு. தியேட்டர் வேலை அந்தக் கணக்குக்குள் இருந்தது. சனிக்கிழமைகளில் நான் செய்த இன்னொரு வேலை எந்தக் கணக்கிலும் இல்லை. யாழ்ப்பாணத்தவர் வீட்டு விசேஷங்களை வீடியோ எடுக்கிற ஒரு அண்ணையிடம் இரண்டாவது கேமரா பிடித்தேன். கல்யாணம், பிறந்தநாள், பெண் பெரியவளாகிச் செய்கிற சாமத்திய வீடு. அந்த வீடியோக்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வந்த விருந்தாளி ஒவ்வொருவர் முகமும் விழ வேண்டும், விழாவிட்டால் மறுவாரம் போன் வரும். ஒருத்தர் முகமும் வாடியிருக்கக் கூடாது. வாடினால் வெட்டிவிட வேண்டும். அண்ணை அடிக்கடி சொல்வார்: "தம்பி, நாங்கள் எடுக்கிறது நடந்ததை இல்லை. நடந்திருக்க வேண்டியதை."

ஒரு சாமத்திய வீட்டில் பலகாரத் தட்டுகளை வரிசையாக ஒரு ஷாட் எடுத்து வா என்று என்னை மண்டபத்துச் சமையலறைக்கு அனுப்பினார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே கதவுக்குள் நுழைந்தேன். ஃப்ரேமுக்குள் ஒரு பெண், மண்டபத்துக்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர். பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட ஒருவர், சற்று முன்வரை மைக் பிடித்து எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். அவர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, கொதிக்கிற தேத்தண்ணிப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பெண் கத்தவில்லை. வெளியே விசேஷம் நடக்கிறதே. தலையைத் திருப்பி நேராக கேமராவைப் பார்த்தார்.

நான் கேமராவை வலப்பக்கம் திருப்பினேன். அவசரப்படவில்லை. எண்ணெயில் வழுக்கியது போலத் திருப்பி, லட்டுத் தட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். எடிட்டிங்கில் அண்ணை பார்த்தார். கேசட்டைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை போட்டார். பிறகு, "உந்தத் திருப்பல் நல்லா வந்திருக்கு. லட்டிலையிருந்து தொடங்கு, முன்னாலை கிடக்கிறதை வெட்டு" என்றார். வெட்டினேன். அந்தக் கேசட்டின் மேலேயே அடுத்த வாரம் ஒரு பிறந்தநாளைப் பதிந்தோம்.

ஐந்து மாதம் கழித்து தியேட்டருக்கு ஒரு புது ஆள் துப்புரவுக்கு வந்தார். கையுறை போடும்போது மணிக்கட்டைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்காது என்று நம்பினேன். கேமரா என் முகத்தை மறைத்திருக்குமே! துப்பறிவாளன் போட்ட கணக்கு அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் "அவள் பாத்திட்டாள்" என்று திரையைக் காட்டிச் சொல்லும்போது எனக்கு முதுகில் வேர்க்கும். திரையைத்தான் சொல்கிறார், திரையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கடிதம் வாசித்த மறு ஞாயிறு. காட்சி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா ஆறாவது வரிசையில் குனிந்து பாப்கார்ன் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுத்த வரிசையில்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கக்கா."

"லட்டு நல்லா விழுந்ததோ?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டேன். பொறுக்கினதெல்லாம் மறுபடி தரையில்.

"எந்த லட்டுக்கா?"

"விடுங்கோ தம்பி. கேமராக்குக் கீழை உங்கடை வாய் தெரிஞ்சது. உந்த வாயை ஆரும் மறப்பினமே? எப்பவும் கொஞ்சம் திறந்தபடி." திட்டுகிற குரலே இல்லை. "அந்தக் கேசட் இருக்கோ?"

"இல்லைக்கா. அதுமேல வேற எடுத்துட்டோம்."

"என்ன எடுத்தனீங்கள்?"

"ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள்."

சிதறின பாப்கார்னை என் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார். "நல்லா இருக்கட்டும் பிள்ளை" என்றார். பிறகு நிமிர்ந்தார். "கேசட் போனாப் போகட்டும். கண் இருக்குத்தானே. வாற மாசம் முதல் செவ்வாய், ஒன்பது மணிக்கு அந்தக் கடிதம் போட்ட இடத்திலை எனக்கு டெர்மின், நேரை வரச் சொல்லியிருக்கினம். ஆராவது கண்டிருந்தாக் கூட்டிக்கொண்டு வா எண்டு அந்தக் காப்பகத்து மனுசி சொன்னவ. வந்து, கண்டதைச் சொல்லுவியளோ? வேறை ஒண்டும் வேண்டாம். கண்டதை மட்டும்."

நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவர்கள் கேட்பார்கள். வீடியோ எடுத்தேன். எந்த அனுமதியில்? எத்தனை சனிக்கிழமை? என் விசா, என் படிப்பு, ஊரில் நிலத்தை அடமானம் வைத்துவிட்டு என் பட்டத்துக்குக் காத்திருக்கிற அப்பா, எல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன்.

"ஓம். யோசியுங்கோ."

அடுத்த இரண்டு ஞாயிறும் எனக்குக் காய்ச்சல் என்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு போனேன். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் வந்த லிஃப்ட்காரனுக்கு நல்லதம்பி என்று பெயர் வைத்தார். "நல்லதம்பி எல்லாரையும் மேலை கொண்டுபோய் விட்டவன். கொலைகாரனையும்தான். சொல்லமாட்டான், பாவம். சொன்னால் நாளைக்கு லிஃப்ட் இல்லை அவனுக்கு."

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டரைக்கே நான் அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டேன். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்து பேக்கரியில் காபி வாங்கிக்கொண்டு, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்தின் வாசலைக் கண்காணித்தேன். படத்தில் துப்பறிவாளன் குற்றவாளிக்காக இப்படித்தான் நிற்பான். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தார். நீலக் கோட்டு, கையில் கோப்பு, பக்கத்தில் யாரும் இல்லை. வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

ஒன்பது. ஒன்பதே கால். இன்னொரு காபி. ஒன்பதரைக்கு என்னவோ ஆகி, தெருவைக் கடந்து படியேறி, எண் பார்த்து எண் பார்த்து அந்த நீண்ட தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தார்.

"வந்திட்டியள்."

"ட்ராம் லேட்டுக்கா."

"ஓம், இண்டைக்கு எல்லாம் லேட்டுத்தான்." என் கையிலிருந்த பேக்கரிக் காபிக் கோப்பையைப் பார்த்தார். அதை நான் கீழே வைக்க மறந்திருந்தேன்.

"கேட்டாங்களா?"

"கேட்டவை. ஆரும் கண்டவையோ எண்டு."

"நீங்க…"

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நான்தான்…"

"உங்கடை விசா என்னாகும்? அண்டைக்கே உங்கடை முகத்திலை பாத்தனான். எத்தினை படம் பாத்தனாங்கள் தம்பி. புஷ்பம் வாய் திறந்தால் முதல்லை ஆரின்ரை வேலை போகும்? புஷ்பத்தின்ரை வேலைதான். நான் புஷ்பத்தைக் காட்டிக் குடுப்பனே?"

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று அழகாகப் பொய் எழுதலாம். எழுதவில்லை. நிம்மதி. தோளிலிருந்து மூட்டை இறங்கினது போல ஒரு நிம்மதி. அது என் முகத்தில் தெரிந்திருக்கும். ஓரத்தில் நிற்கிறவர்களின் முகத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. படித்தார்.

கதவு எட்டு அடி தூரத்தில் இருந்தது. பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார், தட்டினால் நிமிர்ந்து பார்த்திருப்பார். நான் அக்காவிடம் கேட்டேன்: "டீ குடிக்கலாமாக்கா?"

அவர் சிரித்தார். "வேண்டாம் தம்பி. நீங்கள் குடிச்சிட்டியள்."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மறுப்பு. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை எழுதலாம். அந்த ஞாயிறு அக்கா வேலைக்கு வந்தார், படம் பார்த்தார், கெட்டவள் செத்தாள். "சரி" என்றார். அன்று யாருக்கும் பெயர் வைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். மண்டபம், சமையலறை, மணிக்கட்டு, பாத்திரம், அவர் கேமராவைப் பார்த்த பார்வை, நான் திருப்பின லட்டு. நான் அங்கே அனுமதியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதினேன். என் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து. எடுத்துக்கொண்டு காப்பகத்தின் ஆலோசனை அறைக்குப் போனேன். அங்கே இருந்த ஜெர்மன்காரப் பெண் நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இது முதலிலேயே இருந்திருந்தால்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அவர் பன்னிரண்டு நாளாக இங்கே வரவில்லை. போன் போகவில்லை. அறையில் சாமானும் இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் என்னால் ஆட்சேபணை போட முடியாது."

"இதை என்ன செய்வீர்கள்?"

"அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். அவர் கோப்பில் இருக்கட்டும்."

பிறகு என்னைக் கைது செய்ய வருவார்கள் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். மாடிப்படியில் காலடி கேட்டால் தொப்பியைத் தேடுவேன். யாரும் வரவில்லை. அடுத்த வருடம் அதே கட்டடத்தில், அதே தாழ்வாரத்தில், என் விசாவை நீட்டிக்கப் போனேன். அதிகாரி என் கோப்பைப் புரட்டினார், முத்திரை குத்தினார், படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். அந்த நான்கு பக்கம் பக்கத்து அறையில் ஏதோ ஒரு அலமாரியில், ஒருத்தர் கையும் படாமல் இருந்திருக்க வேண்டும். நான் எதற்குப் பயந்தேனோ அதைக் கேட்க அங்கே ஒருத்தருக்கும் நேரமில்லை.

அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. விசேஷ வீடுகளில் பேச்சு காதில் விழுந்தது. சுவிஸில் ஒரு உறவுக்காரரிடம் இருக்கிறார் என்றார்கள். இல்லை, இங்கேதான் எங்கேயோ ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பேப்பர் இல்லாமல் பாத்திரம் கழுவுகிறார் என்றும் சொன்னார்கள். மைக் பிடிக்கிற அந்த மனிதர் இரண்டாவது கல்யாணம் செய்தபோது வீடியோவுக்கு அண்ணையைத்தான் கூப்பிட்டார். நான் போகவில்லை. அந்தத் தைரியம் மட்டும் எனக்கு வந்தது, யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாத நேரத்தில்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு இடுகிற வழக்கமான பெயர்தான், எழுதினால் அரை வரி கூட வராது. இங்கே அதை எழுதவில்லை. அவர் இன்னும் எங்காவது பேப்பர் இல்லாமல் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தால், அந்தப் பெயர் அவரைத் தேடுகிறவர்களுக்குத்தான் உதவும். மாற்றுப் பெயர் ஒன்று வைக்கலாம்தான். பெயர் வைக்கிறது அவருடைய வேலை, நான் கை வைக்கவில்லை.

தொப்பியை அந்தச் சந்தையிலேயே விற்றுவிட்டேன். இப்போதும் அந்தப் படங்களைப் பார்க்கிறேன். கடைசியில் ஓடுகிற பெயர்களை எழுந்து நின்றுதான் படிக்கிறேன். இத்தனை வருடத்தில் தட்டு ஏந்தி வந்தவளின் பெயரை ஒருமுறையும் அதில் பார்த்ததில்லை. என் பெயர் மட்டும் பிராங்பேர்ட்டில், எங்கோ ஒரு கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய எழுத்தில், முகவரியோடு, தேதியோடு. அந்தத் தேதிதான் பிந்திவிட்டது.